முத்திரை விழாத கல்யாணம்: 1793 முதல் 1844 வரை ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே மணமக்கள் 1793ஆம் ஆண்டில் இரண்டு முறை மணம் செய்துகொண்டார்கள். முதல் முறை ரோமில், அடுத்தது லண்டனில். இரண்டையும் நடத்திவைத்தவர்கள் பாதிரியார்கள்தான். இரண்டிலும் ஆங்கிலத் திருச்சபையின் முறைப்படிதான் மந்திரம் ஓதப்பட்டது. இரண்டுமே செல்லாது என்று மறு ஆண்டே தீர்ப்பானது. அரை நூற்றாண்டு கழித்து மகன் தொடுத்த வழக்கிலும் அதே முடிவுதான்.

சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் தாராளமாகக் கிடைக்கும். நிகழ்வு ஆய்வின் வழக்கப்படி இங்கே அவர்களை இளவரசர், சீமாட்டி, பாதிரியார், மகன் என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் ஜார்ஜுக்குத் தம்பிகளால் வந்த தலைவலியின் விளைவுதான் 1772ஆம் ஆண்டின் அரச குடும்பத் திருமணச் சட்டம். 1771இல் ஒரு தம்பி, அரச வம்சம் சாராத ஒரு கைம்பெண்ணை மணந்துகொண்டு அதன் பிறகே அண்ணனிடம் சொன்னார். கொதித்துப்போன அரசர் நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தார். அது நிறைவேறிய சில மாதங்களில் இன்னொரு தம்பி, தாம் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ரகசியமாக மணம் முடித்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். அந்த வீட்டின் நிலவரம் அது.

சட்டம் சொன்னது இவ்வளவுதான். இரண்டாம் ஜார்ஜின் வழியில் வந்த எவரும், வெளிநாட்டுக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்ட இளவரசிகளின் பிள்ளைகள் நீங்கலாக, ஆட்சியில் இருக்கும் அரசரின் சம்மதம் இன்றி மணக்க முடியாது. அந்தச் சம்மதம் வாய்மொழியாக இருந்தால் போதாது. அரசின் பெருமுத்திரை இட்டு, அரசரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலில் அறிவிக்கப்பட வேண்டும். அப்படி இல்லாத திருமணம் எந்த நோக்கத்துக்கும் செல்லாது. தெரிந்தே அதை நடத்திவைத்தவருக்கும் உடனிருந்தவருக்கும் சொத்துப் பறிமுதல், சிறை.

ஒரே ஒரு பக்கவாசல் இருந்தது. 25 வயது நிரம்பியவர் பிரிவி கவுன்சிலுக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு மாதம் காத்திருக்கலாம். அதற்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் வெளிப்படையாக எதிர்க்காவிட்டால், அரசர் மறுத்தாலும் மணம் செல்லும்.

இளவரசர் அந்த அரசரின் ஆறாவது மகன், 1773 ஜனவரியில் பிறந்தவர். சிறு வயது முதலே ஆஸ்துமா. அண்ணன்மாரும் தம்பியும் படையில் சேர்ந்தபோது, இவர் ஜெர்மனியின் கோட்டிங்கனில் படித்துவிட்டு உடல்நலத்துக்காக இத்தாலிக்கு அனுப்பப்பட்டார். சீமாட்டி ஒரு ஸ்காட்லாந்துப் பிரபுவின் மகள், இளவரசரைவிடப் பல ஆண்டுகள் மூத்தவர். அவருடைய தந்தை அமெரிக்கப் புரட்சிக்கு முன் வர்ஜீனியாவின் கடைசி அரச ஆளுநராக இருந்து, அங்கிருந்து விரட்டப்பட்டு, பின்னர் பஹாமாஸ் தீவுகளின் ஆளுநரானவர். பட்டம் பெரியது, கையில் பணம் குறைவு. தந்தை கடலுக்கு அப்பால் பதவியில் இருக்க, தாய் மகள்களை அழைத்துக்கொண்டு இத்தாலியில் தங்கியிருந்தார்.

இருவரும் சட்டம் அறியாதவர்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். இளவரசரின் மூத்த அண்ணன், பட்டத்துக்கு உரியவர், 1785இல் ஒரு கத்தோலிக்கக் கைம்பெண்ணை லண்டனில் ரகசியமாக மணந்தார். அந்த வதந்தி நாடாளுமன்றத்தின் கீழவை வரை போய், அங்கே மறுக்கப்பட்ட கதையை அந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிவார்கள்.

ரோம், 1792–93

குளிர்காலத்தில் ரோமில் இருந்த ஆங்கிலேயர்களின் சிறு வட்டத்தில் இருவரும் அறிமுகமானார்கள். 1793 மார்ச் 21 அன்று இளவரசர் கைப்பட ஒரு வாக்குறுதி எழுதிக்கொடுத்தார்: கடவுள்முன் மண்டியிட்டு, வேதப்புத்தகத்தின் மேல் ஆணையிட்டு, அவரையே மனைவியாகக் கொள்வேன் என்று. அது காதலருக்குப் போதுமானதாக இருக்கலாம், பிரபு வீட்டுப் பெண்ணுக்குப் போதாது. கணவன் மனைவியாக வாழ வேண்டுமென்றால் திருச்சபையின் முறைப்படி மணம் முடிய வேண்டும்.

அப்போது ரோமில் இருந்த, நார்ஃபோக்கைச் சேர்ந்த ஆங்கிலப் பாதிரியார் ஒருவரை அணுகினார்கள். அவர் தயங்கினார். தயங்க அவருக்குக் காரணம் இருந்தது. சட்டத்தின் தண்டனைப் பிரிவு அவரைத்தான் நேராகப் பார்த்தது. ஆனாலும் கடைசியில் இணங்கினார். ஏப்ரல் 4ஆம் தேதி, சீமாட்டியின் குடும்பம் தங்கியிருந்த விடுதியில் மணம் நடந்தது. தாய்க்குச் சொல்லவில்லை. சாட்சி ஒருவரும் இல்லை. அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: மணமகன், மணமகள், பிரார்த்தனைப் புத்தகத்தைப் பார்த்து வாசித்த பாதிரியார்.

இந்த ஏற்பாட்டை அவசரக்காரர்களின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. உடனிருப்பவர் எல்லோரும் தண்டனைக்கு உள்ளாவார்கள் என்று சட்டம் சொல்லும்போது, சாட்சியை அழைப்பது என்பது ஒரு நண்பரைச் சிக்கவைப்பது. தாயிடம் சொன்னால் தாயும் சிக்குவார். பிறரைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது. ஆனால் அதன் விலை, அந்த மணம் நடந்தது என்று சொல்ல உலகத்தில் மூன்று பேருக்கு மேல் இல்லை என்பதுதான். அந்த மூவரில் ஒருவர் வாய் திறந்தால் சிறை போவார். விலை எவ்வளவு என்பது ஐம்பது ஆண்டு கழித்துத் தெரிந்தது.

லண்டன், 1793 டிசம்பர்

ரோமிலிருந்து ஊர் திரும்பும்போது சீமாட்டி கருவுற்றிருந்தார். இளவரசரும் அந்த ஆண்டே இங்கிலாந்து வந்தார். ரோம் திருமணத்தின் மேல் இருவருக்குமே நம்பிக்கை முழுமையாக இல்லை என்பது அடுத்த செயலில் தெரிகிறது. குழந்தை பிறப்பதற்குள் இங்கிலாந்து மண்ணில், இங்கிலாந்துத் தேவாலயத்தில் இன்னொரு முறை மணந்துகொள்வது என்று தீர்மானித்தார்கள்.

இங்கிலாந்தின் 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, உரிமம் வாங்க வேண்டும். இல்லையேல் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது இன்னார் இன்னாரை மணக்கப்போகிறார் என்ற அறிவிப்பு, வாசிக்க வேண்டும். உரிமம் கேட்டால் அதிகாரி கேள்வி கேட்பார். ஓலை வாசிப்பதில் வேறு விதமான ஆபத்து: ஊர் அறிய வாசிக்க வேண்டும். ரகசியம் காக்க நினைப்பவர்கள் ஊர் அறிய அறிவிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது வேடிக்கைதான். ஆனால் அது வேலை செய்தது. லண்டனின் ஹனோவர் சதுக்கத்து புனித ஜார்ஜ் தேவாலயம் ஓயாமல் கல்யாணம் நடக்கும் இடம். ஞாயிறுதோறும் பெயர்கள் வரிசையாக வாசிக்கப்படும். அவற்றுக்கு நடுவே இருவரின் பெயர்களும் பட்டமோ அடைமொழியோ இல்லாமல் மொட்டையாக வாசிக்கப்பட்டன. ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று மூன்று முறை கேட்டும் யாரும் எழவில்லை. அரசரின் பெயரையும் தாங்காத, ராஜகுமாரன் என்ற சொல்லும் ஒட்டாத அந்தப் பெயரை யார் கண்டுகொள்வார்கள்?

டிசம்பர் 5ஆம் தேதி மணம் நடந்தது. மணமகளுக்கு அப்போது நிறைமாதம் நெருங்கியிருந்தது. பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

இந்த இரண்டாவது கல்யாணத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ரோமில் எவையெல்லாம் குறையாக இருந்தனவோ, அவை எல்லாம் இங்கே சரிசெய்யப்பட்டன. அந்நிய மண் என்ற கேள்வி போயிற்று. சாட்சி இல்லை என்ற கேள்வி போயிற்று. பதிவேடு வந்தது, ஓலை வந்தது. மணமகனுக்கு 21 வயது நிரம்ப இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஓலை வாசித்து நடக்கும் மணத்தில் பெற்றோர் அந்த இடத்தில் எழுந்து மறுக்காவிட்டால் அதுகூடத் தடையில்லை. ஒரு சாதாரண இளைஞனுக்கு இது மலைபோல் உறுதியான திருமணம். ஆனால் ரோமில் இருந்த உண்மையான குறை இவற்றில் எதுவுமே இல்லை. அரசரின் சம்மதம் இல்லை என்பதே குறை. அது லண்டனிலும் இல்லை. கூரை ஒழுகும் வீட்டுக்குச் சுவர் பூசியதுபோல, கைக்கு எட்டியதை எல்லாம் செப்பனிட்டார்கள், எட்டாத இடம் அப்படியே ஒழுகியது.

அரசரின் நடவடிக்கை, 1794

ஜனவரி 13 அன்று மகன் பிறந்தான். அதே மாதத்தில் செய்தி அரசருக்கு எட்டியது. இளவரசர் மீண்டும் இத்தாலிக்கு அனுப்பப்பட்டார். பிரிவி கவுன்சில் சம்பந்தப்பட்டவர்களை அழைத்து விசாரித்தது. அடுத்து, கேன்டர்பரி பேராயத்தின் ஆர்ச்சஸ் நீதிமன்றத்தில் அரசர் தரப்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அந்த நாள்களில் ஒரு திருமணம் செல்லுமா என்பதைச் சொல்ல அதிகாரம் பெற்றவை திருச்சபை நீதிமன்றங்களே.

அந்த ஆண்டே தீர்ப்பு வந்தது. ரோமில் நடந்ததாகச் சொல்லப்பட்டதும் லண்டனில் நடந்ததும் செல்லாது. வழக்கில் சிக்கலான சட்டக் கேள்வி எதுவும் எழவில்லை. சம்மதம் இருந்ததா? இல்லை. முடிந்தது.

தந்தை என்ற முறையில் மூன்றாம் ஜார்ஜின் கோபம் எனக்குப் புரிகிறது; அரசர் என்ற முறையில் அவர் வேறு எதுவும் செய்திருக்கவும் முடியாது. இந்தச் சட்டத்தை முதல் முறை தளர்த்தினால் அடுத்து மூத்த மகனின் 1785 கல்யாணம் கதவைத் தட்டும். அந்த மணமகள் கத்தோலிக்கர் என்பதால் அங்கே பட்டத்துரிமையே ஆட்டம் காணும். ஆறாவது மகனின் மனைவி மேல் விழுந்த கண்டிப்பில் பாதி, முதல் மகனை நினைத்துக் காட்டியது என்று நான் எண்ணுகிறேன்.

பிரிவு, 1794–1809

தீர்ப்புக்குப் பிறகும் இளவரசர் சீமாட்டியைத் தம் மனைவி என்றே எழுதிவந்தார். சீமாட்டி அவரிடம் போகத் துடித்தார். வெளிநாடு செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆண்டுகள் கழிந்தன. 1799இல் அவர் வேறு பெயரில் புறப்பட்டு பெர்லினில் கணவரிடம் போய்ச் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலம் மொத்தமாகவே சொற்பம். 1801 ஆகஸ்டில் மகள் பிறந்தாள். அதே ஆண்டில் இருவரும் பிரிந்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் இளவரசர் சசெக்ஸ் கோமகன் ஆக்கப்பட்டார். நாடாளுமன்றம் அவருக்கு ஆண்டுக்கு 12,000 பவுன் ஒதுக்கியது. அண்ணன்மாருக்கு முன்பே கிடைத்துவிட்ட பட்டமும் மானியமும் இவருக்குத் தள்ளிப்போயிருந்தன. மனைவியைப் பிரிந்த ஆண்டில் வந்து சேர்ந்தன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வாசகருக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சீமாட்டிக்கு ஆண்டுக்கு 4,000 பவுன் என்று முடிவாயிற்று. 1806இல் அவர் அரச உரிமம் பெற்று வேறு குடும்பப் பெயர் சூடிக்கொண்டார். கோமகனின் மனைவி என்ற நிலை சட்டத்தில் இல்லை, பழைய கன்னிப்பெயரோ இரண்டு பிள்ளைகளின் தாய்க்குப் பொருந்தவில்லை. மூன்றாவதாக ஒரு பெயர் தேவைப்பட்டது. பிள்ளைகளுக்கு, பெற்றோர் இருவருக்கும் பொதுவான முன்னோர் வம்சம் ஒன்றின் பெயர் சூட்டப்பட்டது. 1809இல் பிள்ளைகளைத் தம் பொறுப்பில் கேட்டு இளவரசர் சட்டத்தை நாடினார். தாய் அவர்களை ராஜகுமாரன், ராஜகுமாரி என்ற நினைப்பில் வளர்க்கிறார் என்பது அவருடைய குறை. ஒரு காலத்தில் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்து அந்தத் தாயை மனைவி என்று எழுதிக்கொடுத்தவர் இவர்.

சீமாட்டி தம் பிற்காலத்தை இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் ராம்ஸ்கேட்டில் கழித்து, 1830 மார்ச்சில் காலமானார். மறு ஆண்டே இளவரசர் இன்னொரு பிரபுவின் மகளை மணந்தார். இம்முறையும் அரச சம்மதம் கேட்கவில்லை, இம்முறையும் அது செல்லாத மணம். ஆனால் காலம் மாறியிருந்தது. அண்ணன் மகள் விக்டோரியா அரியணையில் அமர்ந்தார். 1840இல் அவருடைய கல்யாணத்தில் தந்தை இடத்தில் நின்று கைப்பிடித்துக் கொடுத்தவர் இந்தச் சித்தப்பாதான். அந்த ஆண்டே இரண்டாவது மனைவிக்குத் தனியாக ஒரு கோமகள் பட்டம் தந்தார் அரசி. மீறிய சட்டம் ஒன்றுதான். ஒருவருக்குப் பெயர்கூட இல்லாமல் போயிற்று, மற்றவருக்குப் பட்டம் வந்தது.

பிரபுக்கள் சபையில், 1843–44

1843 ஏப்ரலில் இளவரசர் இறந்ததும், மகன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையிடம் தந்தையின் சசெக்ஸ் கோமகன் பட்டத்தைக் கோரினார். சட்ட உலகில் இது சசெக்ஸ் பியரேஜ் (பிரபுப் பட்ட) வழக்கு என்று பெயர் பெற்றது. லண்டன் திருமணத்தை வைத்து வாதாட வழியில்லை. ஆகவே மகனின் தரப்பு முழுக்க ரோமை நம்பியது. சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றியது. அதன் கை ரோம் வரை நீளாது. ரோமில் நடந்த மணம் ரோமின் சட்டப்படி செல்லுமா என்று மட்டும் பாருங்கள் என்பது வாதம். தண்டனைப் பிரிவு அந்நிய நாட்டில் அந்நியர் மீது செல்லாது என்பதையும் துணைக்கு அழைத்தார்கள்.

முதலில் ரோமில் மணம் நடந்ததை நிரூபிக்க வேண்டுமே. பாதிரியார் அதற்குள் இறந்துவிட்டார். அவர் தம் மகனிடம் தாம் அந்த மணத்தை நடத்திவைத்ததாகச் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சைச் சாட்சியமாக ஏற்கலாமா? ஒருவர் தமக்கே கெடுதலான ஒன்றை ஒப்புக்கொண்டால் அது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும், எனவே இறந்தவர் சொன்னதையும் ஏற்கலாம் என்பது பொது விதி. பிரபுக்கள் சபை இங்கே ஒரு கோடு போட்டது: கெடுதல் என்றால் பணத்துக்கோ சொத்துக்கோ நேரும் கெடுதலாக இருக்க வேண்டும், தண்டனைக்கு ஆளாகும் பயம் கணக்கில் சேராது. பாதிரியாரின் வாய்மொழி தள்ளப்பட்டது. ரோமில் அவரைத் தயங்கவைத்தது தண்டனைப் பயம். அதே பயம் அவருடைய வார்த்தைக்கு நம்பகத்தன்மை தரவில்லை. இந்தத் தர்க்கம் எனக்கு இன்றுவரை சீரணிக்கவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இதே கேள்விக்கு நேர்மாறான விடை தந்தது: குற்ற நடவடிக்கைக்கு ஆளாக்கக்கூடிய கூற்றும் ஏற்கத்தக்கதே என்று 32ஆம் பிரிவில் சேர்த்தார்கள். நம்மூர் நீதிமன்றமாக இருந்தால் பாதிரியாரின் மகன் கூண்டில் ஏறிப் பேசியிருப்பார்.

ரோமின் திருமணச் சட்டம் என்ன என்று சொல்ல, பின்னாளில் கர்தினால் ஆன ஆயர் நிக்கோலஸ் வைஸ்மன் அழைக்கப்பட்டார். வழக்கறிஞர் அல்லாத ஒருவர் சட்ட நிபுணராகச் சாட்சி சொல்லலாமா என்ற ஆட்சேபம் எழுந்தது. பதவியின் காரணமாகவே அந்தச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டியவர் என்று ஏற்றார்கள்.

அடிப்படைக் கேள்வியில் நீதிபதிகளின் கருத்தைத் தலைமை நீதிபதி டிண்டல் தெரிவித்தார். ரோம் மணம் வேறு எல்லா வகையிலும் செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும் அது செல்லாது. சட்டம் ஓர் இடத்தைக் கட்டவில்லை, ஒரு வம்சத்து ஆள்களைக் கட்டுகிறது. அந்தத் தடை ஆளோடு ஊர் ஊராகப் போகும். கப்பல் ஏறினால் தப்பிவிடலாம் என்றால் அப்படி ஒரு சட்டம் இயற்றியதற்கே பொருள் இல்லை. சொற்கள் தெளிவாக இருக்கும்போது அவற்றின் இயல்பான பொருளைத்தான் கொள்ள வேண்டும் என்று அவர் அங்கே சொன்னதை இந்திய நீதிமன்றங்களும் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப எடுத்தாண்டிருக்கின்றன. அந்த மேற்கோளைப் படிப்பவர்களில் எத்தனை பேருக்கு அதன் பின்னே ஒரு ரகசியக் கல்யாணம் இருப்பது தெரியும் என்பது சந்தேகமே.

மகன் தோற்றார். திருமணம் செய்துகொள்ளாமலே 1848இல் இறந்தார். 1822 முதல் தம் பார்வை மங்கியதையும் கால் தளர்ந்ததையும் அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு, தண்டுவட மரப்பு நோயின் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) மிகப் பழைய தெளிவான பதிவுகளில் ஒன்றாக மருத்துவர்களால் மதிக்கப்படுகிறது. மகளோ, இந்த வழக்கில் அண்ணனுக்காக வாதாடிய வழக்கறிஞரையே 1845இல் மணந்தார். அந்த வழக்கறிஞர் 1850இல், நாட்டின் நீதித்துறைக்குத் தலைமை வகிக்கும் லார்ட் சான்சலர் ஆனார்.

எது மாறியிருந்தால்?

1772ஆம் ஆண்டுச் சட்டத்தின் பக்கவாசலை மறுபடி பார்க்கலாம். இளவரசருக்கு 25 வயது நிரம்பியது 1798 ஜனவரியில். அன்றே பிரிவி கவுன்சிலுக்கு அறிவிப்புக் கொடுத்திருந்தால் 1799 ஜனவரியில் தடை நீங்கியிருக்கும், இரு அவைகளும் ஒருமித்து எழுந்தால் ஒழிய. ஆறாவது மகனுக்காக நாடாளுமன்றம் அவ்வளவு மெனக்கெட்டிருக்குமா என்பது விவாதத்துக்கு உரியது. 1799இல் சீமாட்டி மாற்றுப் பெயரில் பெர்லினுக்குப் பயணப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டில் லண்டனிலேயே சட்டப்படி மூன்றாவது முறை மணந்திருக்கலாம். 1794இல் பிறந்த மகனுக்கு அதனால் பலன் இல்லை. பெற்றோரின் பிற்காலத் திருமணம் முன்பு பிறந்த பிள்ளையை இங்கிலாந்தில் அன்று வாரிசாக்காது. 1801இல் பிறந்த மகளின் நிலை வேறாக இருந்திருக்கும், தாயின் நிலையும்தான். அறிவிப்புக் கொடுக்க உரிமை பெற்றவர் இளவரசர் மட்டுமே. அவர் கொடுக்கவில்லை.

சீமாட்டியின் கையில் இருந்தவை குறைவு. ரோமில் ஒரு சாட்சியைக் கேட்டிருக்கலாம். அது மணத்தைச் செல்லவைத்திருக்காது, ஆனால் மகன் தன் பெற்றோர் மணந்தார்கள் என்பதையாவது சிரமமில்லாமல் நிறுவியிருப்பார். மணத்துக்கு முன் பஹாமாஸில் இருந்த தந்தையின் பெயரில் ஒரு சொத்து ஏற்பாட்டைக் கோரியிருக்கலாம்; அந்தக் காலத்துப் பிரபு குடும்பங்கள் எந்தத் திருமணத்திலும் அதைத்தான் முதலில் எழுதுவார்கள். ரகசியம் என்று முடிவானதும் அதற்கும் வழி அடைபட்டது.

1772ஆம் ஆண்டுச் சட்டம் 2013இல் இயற்றப்பட்ட அரியணை வாரிசுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. 2015 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது வாரிசு வரிசையில் முதல் ஆறு பேருக்கு மட்டும் சம்மதம் வேண்டும். பெறாமல் மணந்தால் வாரிசுரிமை போகும், மணம் போகாது. பழைய சட்டத்தால் செல்லாமல் போன திருமணங்களில் சிலவற்றுக்கு முன்தேதியிட்டு உயிர் கொடுக்கவும் புதிய சட்டம் இடம் தருகிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு: பழைய சட்டம் தமக்குப் பொருந்தும் என்று அறியாமல் இருந்ததில் நியாயம் இருக்க வேண்டும், அந்த மணம் செல்லாது என்ற அடிப்படையில் யாரும் செயல்பட்டிருக்கக் கூடாது, மணந்த நேரத்தில் இருவரில் எவரும் வரிசையின் முதல் ஆறு பேருக்குள் இருந்திருக்கக் கூடாது. 1793இல் மூன்றாம் ஜார்ஜுக்குப் பேரப்பிள்ளை இல்லை. ஐந்து அண்ணன்மாருக்கு அடுத்து, வரிசையில் ஆறாவதாக நின்றவர் இந்த இளவரசர்.